எல்லோருக்கும் பாதி ஆட்டம்

அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து இரண்டு தடங்களில் ஓடுகிறது. ஒன்று, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் கிளப் அணிகளின் தடம். ஊர் விட்டு ஊர் சென்று ஆடுவதால் அவற்றுக்கு 'டிராவல் டீம்' என்று பெயர். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பயிற்சி, அதற்கேற்ற கட்டணம் என்று அது தனி உலகம். மற்றது 'ரெக்ரியேஷனல்' லீக். வழக்கில் சுருங்கி 'ரெக்'. இதில் தேர்வு கிடையாது. பெயர் கொடுத்த பிள்ளை எல்லாம் ஆட்டக்காரர்தான். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மாலையில் பயிற்சி, சனிக்கிழமை காலையில் ஊர்ப் பூங்காவில் ஆட்டம், அவ்வளவே. பயிற்சியாளர் யாரென்று பார்த்தால், அணியில் ஆடும் பிள்ளைகளில் ஒருவரின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். அவருக்குச் சம்பளம் இல்லை. பல சமயம் கால்பந்து ஆடிய பழக்கமும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய வடிவம் கொடுத்ததில் ஏ.ஒய்.எஸ்.ஓ. என்று அறியப்படும் அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1964இல் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய டொரன்ஸ் நகரில் 9 அணிகளோடு அது தொடங்கியது. கால்பந்தை அமெரிக்கர்கள் பலர் குடியேறிகளின் ஆட்டமாக மட்டுமே பார்த்த காலம் அது. பதிவு எல்லோருக்கும் திறந்திருக்கும். அணிகள் பலத்தில் சமமாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். இந்த மூன்றும் அந்த அமைப்பின் அடிப்படைக் கொள்கைகளாயின. பள்ளி, கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சம இடம் கொடுக்கச் சொன்ன 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தது. 1974இல் யு.எஸ். யூத் சாக்கர் என்ற இன்னொரு பெரிய அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியில் சேர்ந்தார். எல்லாமாகச் சேர்ந்து, புறநகர்க் குடும்பங்களின் சனிக்கிழமைகளைக் கால்பந்து பிடித்துக்கொண்டது. 1996 அதிபர் தேர்தலில் பிள்ளைகளை மைதானத்துக்கு ஏற்றி இறக்கும் 'சாக்கர் மாம்' ஒரு வாக்காளர் வகையாகவே பேசப்பட்டார். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அக்கம்பக்கத்தாரோடு முதல் பழக்கம் ஏற்படும் இடங்களில் இந்தப் பூங்கா மைதானமும் ஒன்று.

பாதி ஆட்டம் என்ற அந்த ஒரு விதிதான் ரெக் பயிற்சியாளரின் வேலையை மற்ற எல்லாப் பயிற்சியாளர்களின் வேலையிலிருந்தும் பிரிக்கிறது. யாரை எடுப்பது, யாரை உட்கார வைப்பது என்பவைதான் தொழில்முறைப் பயிற்சியாளரின் இரண்டு பெரிய ஆயுதங்கள். இங்கே விதி இரண்டையுமே பிடுங்கிக்கொள்கிறது. புல்லில் உட்கார்ந்து பூப்பறிக்கும் பிள்ளையும் பாதி ஆட்டம் ஆடும். பந்தைத் தொட்டாலே கோல் போடும் பிள்ளையும் வேறொருவருக்கு இடம் விட்டு வெளியே உட்காரும். ஆகவே வெற்றிக் கணக்கைக் கொண்டு இந்தப் பயிற்சியாளரை எடைபோட முடியாது. அடுத்த சீசனுக்கு எத்தனை பிள்ளைகள் திரும்பவும் பெயர் கொடுக்கிறார்கள் என்பதே நியாயமான அளவுகோல்.

பயிற்சியாளராகும் பெற்றோர் பலர் முன்வந்தவர்கள் அல்லர், முன்னால் தள்ளப்பட்டவர்கள். பதிவு முடிந்த பிறகும் ஓர் அணிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், 'யாரும் வராவிட்டால் இந்த அணியைக் கலைக்க வேண்டியிருக்கும்' என்று லீக் நிர்வாகியிடமிருந்து மின்னஞ்சல் வரும். மனம் இளகிய ஒருவர் சிக்கிக்கொள்வார். அவர் முதலில் சந்திப்பது பந்தை அல்ல, படிவங்களை. குற்றப் பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல் தர வேண்டும். குழந்தைப் பாதுகாப்பு, தலைக்காயம் ஆகியவை குறித்த இணைய வகுப்புகளை முடிக்க வேண்டும். 2018இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது இத்தகைய அமைப்புகளில் சிறுவர்களோடு பழகும் பெரியவர்களின் கடமை. எந்தப் பிள்ளையோடும் பயிற்சியாளர் மறைவாகத் தனித்திருக்கக் கூடாது. பிறர் பார்வை படும் இடத்தில்தான் பேச வேண்டும். ஆட்டத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள, தேசியக் கூட்டமைப்பான யு.எஸ். சாக்கர் 'கிராஸ்ரூட்ஸ்' என்ற பெயரில் ஆட்ட அளவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு பாடங்கள் வைத்திருக்கிறது. 6 வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் 11 பேர் ஆட்டத்தின் வியூகங்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

'ஆட்ட அளவு' என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். தொலைக்காட்சியில் காணும் கால்பந்தைச் சிறுவர்கள் ஆடுவதில்லை. 2017 ஆகஸ்ட் முதல் யு.எஸ். சாக்கர் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய அளவுகளின்படி, 8 வயதுக்குட்பட்டோர் பக்கத்துக்கு 4 பேராக ஆடுகிறார்கள். 9, 10 வயதுப் பிரிவுகளில் 7 பேர், 11, 12 பிரிவுகளில் 9 பேர். 13ஆம் வயதுப் பிரிவில்தான் முழு 11 பேர். சின்னஞ்சிறுவர்களின் களம் அதிகபட்சம் 35 கெஜ நீளமும் 25 கெஜ அகலமும் கொண்டது. கோல் 4 அடி உயரம், 6 அடி அகலம். பந்து 3ஆம் எண். பெரியவர்களின் 5ஆம் எண் பந்தைவிடச் சுற்றளவில் சுமார் 4 அங்குலம் குறைவு. கோல்கீப்பர் கிடையாது. 6 வயதுப் பிரிவில் ஆட்டம் 6 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. 7, 8 வயதுப் பிரிவுகளில் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு.

இந்தச் சுருக்கலுக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 22 பேருக்கு ஒரு பந்து என்றால், கெட்டிக்காரர்கள் நான்கு பேர் மாறி மாறி ஆட மற்றவர்கள் ஓடிக் களைப்பார்கள். 8 பேருக்கு ஒரு பந்து என்றால் ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் காலுக்கும் பந்து வந்தே தீரும். அதே சமயம், எண்ணிக்கையை 4க்குக் கீழே இறக்கினால் ஆட்டத்தின் இயல்பே கெட்டுவிடும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரு பக்கமும் ஒவ்வொருவர் என்று நின்றால்தான் பந்து வைத்திருப்பவருக்கு எந்தத் திசையிலும் ஒரு துணை இருக்கும். கோல்கீப்பரை நீக்கியதும் யோசித்துச் செய்ததே. 6 வயதுப் பிள்ளையை வலைமுன் நிறுத்தினால் பத்து நிமிடம் வெறுமனே நிற்கும். பிறகு வேகமாக வரும் ஒரே பந்தை விட்டுவிட்டு அழும். அந்த வயதில் எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் உதைக்க வேண்டும்.

7 பேர் ஆட்டத்தில் கோல்கீப்பர் வந்துவிடுகிறார். கூடவே களத்தின் இரு பாதிகளிலும் ஒரு புதுக் கோடு வருகிறது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் எதிரணி முழுவதும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு வானுயர உதைக்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் தோழருக்கு உருட்டியோ எறிந்தோ, கீழே வைத்துக் காலால் தட்டியோ கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம், பலசாலிக் கோல்கீப்பர் ஒருவர் ஓங்கி உதைக்க எல்லோரும் பந்தின் பின்னால் ஓடுவதாகவே முடிந்துபோகும். பின்களத்திலிருந்து நிதானமாகப் பந்தை நகர்த்திப் பழக யாருக்கும் வாய்ப்பிருக்காது. எந்தப் பயிற்சியாளரின் சொற்பொழிவும் சாதிக்காததை ஒரு கோடு சாதித்துவிட்டது. கால்பந்து தெரியாத அப்பாவுக்கு இது பெரிய ஆறுதல்: பயிற்சியின் பாதியைக் களத்தின் அளவும் விதியும் அவருக்காகச் செய்துவிடுகின்றன.

மீதிப் பாதி மாலைப் பயிற்சியில் நடக்கிறது. புதிதாக வரும் பெற்றோர் பலரும் தங்கள் பள்ளி நாட்களின் உடற்பயிற்சி வகுப்பை நினைவிலிருந்து எடுத்து அப்படியே நடத்தப் பார்ப்பார்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொல்வார்கள். வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்கச் சொல்வார்கள். நடுவே நிறுத்தி நீளமாக விளக்குவார்கள். சுற்று, வரிசை, பேச்சு ஆகிய மூன்றையும் தவிருங்கள் என்பதுதான் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் முதல் பாடம். பத்துப் பேர் வரிசையில் நின்றால் ஒரு பிள்ளை ஆடும், ஒன்பது பிள்ளைகள் ஒன்றையொன்று தள்ளிவிடும். ஆளுக்கு ஒரு பந்து இருந்தால் தள்ளிவிட நேரம் இருக்காது.

யு.எஸ். சாக்கர் இப்போது பரிந்துரைக்கும் முறைக்கு 'ஆட்டம் – பயிற்சி – ஆட்டம்' என்று பெயர். மணி அடித்தாற்போல எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை அல்லவா? முதலில் வந்த இருவரை இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஆட விட்டுவிடலாம். மூன்றாவது பிள்ளை வந்தால் ஒரு பக்கம் சேரும், நான்காவது மறுபக்கம். சுமார் கால் மணி நேரத்துக்குப் பின் நடுப்பகுதி. அன்றைக்கு ஒன்றே ஒன்று மட்டும் கற்றுத்தரப்படும். பந்தைக் காலோடு ஒட்டி நடத்துவது, அல்லது பாதத்தின் உட்பக்கத்தால் தோழருக்கு அனுப்புவது, இப்படி ஏதாவது ஒன்று. கடைசியாக மீண்டும் ஆட்டம், இம்முறை சரியான கோல்களோடு. பயிற்சியாளர் விசிலைக் குறைவாக ஊதி, கேள்வியை அதிகம் கேட்க வேண்டும். 'பந்தை அந்தப் பக்கம் அனுப்பு' என்பதைவிட 'எந்தப் பக்கம் ஆளில்லாமல் கிடக்கிறது, பார்த்தாயா?' என்று கேட்பது மேல். முதலாவது ஒரு கட்டளை; அடுத்த வாரம் மறந்துபோகும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். கால்பந்தில் கற்றுக்கொள்ளக் கடினமானதே அந்தத் தலை தூக்கல்தான்.

நடுப்பகுதிக்கு உதவும் விளையாட்டுகள் பல. அமெரிக்க மைதானங்களில் எல்லோருக்கும் தெரிந்தது 'சுறாவும் சிறுமீனும்'. எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பந்தோடு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக வேண்டும். நடுக்கடலில் பந்தில்லாமல் காத்திருக்கும் இரண்டு சுறாக்கள் பந்தைத் தட்டிப் பறிக்கும். பந்தை இழந்தவரும் சுறாவாகிவிடுவார். 5 வயதுப் பிள்ளைக்கு அது கடல். பயிற்சியாளருக்கு அது எதிராளியை ஏமாற்றிப் பந்து நடத்தும் பயிற்சி. இதில் நுட்பமான அம்சம், யாரும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவதில்லை என்பது. தோற்றவர் வெளியே நிற்கும் விளையாட்டுகளில் முதலில் வெளியேறுவது எப்போதும் அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான்.

சிறுவர் அணிகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: பலாச்சுளையை ஈ மொய்ப்பதுபோல எல்லாப் பிள்ளைகளும் பந்தை மொய்க்கிறார்கள். புதுப் பயிற்சியாளர் இதைக் கண்டு பதறி, 'உன் இடத்தில் நில்!' என்று ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுப்பார். அது வீண் முயற்சி, சற்றுத் தீங்கும்கூட. 5, 6 வயதுப் பிள்ளைக்குப் பந்து 'என் பந்து'; தோழனுக்குக் கொடுத்தால் திரும்ப வரும் என்ற நம்பிக்கை அதற்கு இன்னும் பிறக்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து பந்தோடு வெளியே வரும் பிள்ளை உண்மையில் நல்ல திறன் ஒன்றைக் கற்கிறது. இடத்தில் நிறுத்தப்பட்ட பிள்ளை நிற்க மட்டுமே கற்கிறது. 8 வயது வாக்கில் கூட்டம் தானாகக் கலையத் தொடங்கும். அப்போது அதைச் சற்று விரைவுபடுத்த ஓர் உபாயம் இருக்கிறது: பயிற்சி ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒரு கோலுக்குப் பதில், மூலைக்கு ஒன்றாக இரண்டு கோல் வைப்பது. ஒரு கோலின் முன் எல்லோரும் மொய்த்திருக்க, இன்னொன்று காவலின்றிக் கிடப்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். பத்து நிமிடத்துக்குள் மற்றவர்களுக்கும் அது தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் பயிற்சியாளரின் கையில் இருக்க வேண்டியது வியூகப் படம் அல்ல, ஆள் மாற்றப் பட்டியல். யார் எந்தக் கால்பகுதியில் ஆடுவார், யார் எப்போது வெளியே உட்காருவார் என்பதை முந்தின இரவே எழுதி வைக்காவிட்டால், ஆட்டத்தின் பரபரப்பில் கூச்சமுள்ள பிள்ளை ஒன்று வெளியிலேயே தங்கிப்போகும். கேட்டு வாங்கும் பிள்ளைகள் எப்படியும் உள்ளே போய்விடுவார்கள். நேரத்தைப் போலவே இடத்தையும் பங்கிட வேண்டும். திறமை குறைந்தவரை எப்போதும் பின்களத்திலும், கோல் போடுபவரை எப்போதும் முன்களத்திலும் நிறுத்தினால் விதியின் எழுத்து காப்பாற்றப்படும், நோக்கம் தோற்கும். கோல்கீப்பர் இடத்துக்கும் முறை வைத்து ஆள் மாற்றுவதே வழக்கம். மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை.

மிகச் சிறிய பிரிவுகளில் பல லீகுகள் கோல் கணக்கு எழுதுவதில்லை, புள்ளிப் பட்டியலும் வெளியிடுவதில்லை. பிள்ளைகள் எண்ணத்தான் செய்கிறார்கள். கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கணக்கு எழுதாதது பெரியவர்களை அடக்குவதற்காக. ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் ஆட்டங்களும் வரும். 6–0 என்று முன்னிலையில் இருக்கும் அணியின் பயிற்சியாளர் தன் பிள்ளைகளிடம் 'இனி ஐந்து பாஸுக்குப் பிறகுதான் கோல்', 'இனி இடது காலால் மட்டும்' என்று மெல்லச் சொல்லலாம். ஓர் ஆளைக் குறைத்துக்கொள்ளலாம். தோற்கும் அணி ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளச் சில லீகுகள் இடம் தருகின்றன. இதைச் சத்தமாக அறிவித்துச் செய்வது பெருந்தன்மை போலத் தெரிந்தாலும், எதிரணிப் பிள்ளைகளுக்கு அது அவமானம்தான்.

பயிற்சியாளரின் சொந்தப் பிள்ளை அணியில் இருப்பது இந்த அமைப்போடு கூடவே பிறந்த சிக்கல். அப்பா தன் மகளுக்கே நடுக்களத்தைக் கொடுத்தால் மற்றப் பெற்றோர் முணுமுணுப்பார்கள். அதற்கு அஞ்சி அவளை மட்டும் கூடுதலாகக் கண்டித்தால், மற்ற எல்லோருக்கும் கிடைக்கும் கனிவு அவளுக்கு மட்டும் இல்லாமல் போகும். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. வெளியே தெரிவதும் குறைவு. துணைப் பயிற்சியாளராக இன்னொரு பெற்றோர் இருந்தால், அவரவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளும்படி மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு.

பயிற்சியாளரின் நடத்தைக்கும் பிள்ளை ஆட்டத்தை விடுவதற்கும் உள்ள தொடர்பை வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970களிலிருந்து ஆராய்ந்தவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சிறுவர் பேஸ்பால். ஆனால் முடிவு எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். சில பயிற்சியாளர்களுக்குச் சீசனுக்கு முன் ஒரு சிறு வகுப்பு நடத்தினார்கள். முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்தவுடன் தைரியம் சொல்வது, திருத்தத்தைக் கடுமையில்லாமல் சொல்வது, இவ்வளவுதான் பாடம். 1992இல் வெளியான ஆய்வில், வகுப்புக்குப் போகாத பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 விழுக்காட்டினர் மறு ஆண்டு திரும்பவில்லை. வகுப்புக்குப் போனவர்களிடம் ஆடியோரில் திரும்பாதவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக் கால்பந்துப் பிள்ளைகளிடமே நேராகக் கேட்டார்: ஆட்டத்தை இன்பமாக்குவது எது? பிள்ளைகளும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் சொன்னவற்றைத் தொகுத்தபோது 81 காரணங்கள் கிடைத்தன. முக்கியத்துவத்தின்படி வரிசைப்படுத்தியதில் வெற்றி பெறுவது 48ஆம் இடத்துக்குப் போனது. கண்ணியமாக ஆடுவதும், உயிரைக் கொடுத்து முயல்வதும், பயிற்சியாளரின் நல்ல அணுகுமுறையும் முன்னணியில் நின்றன. பிள்ளைகளுக்கு வெல்லப் பிடிக்காது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தோற்றாலும் திரும்ப வருவார்கள், திட்டினால் வரமாட்டார்கள் என்பதே பொருள்.

உண்மையில் ரெக் பயிற்சியாளரைத் திணறடிப்பவர்கள் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒருவர் 'உதை!' என்பார், இன்னொருவர் 'பாஸ் கொடு!' என்பார், மூன்றாமவர் தன் பிள்ளையின் பெயரை மட்டும் ஓயாமல் கூவுவார். நடுவே பயிற்சியாளரும் கத்தினால், பந்தோடு இருக்கும் பிள்ளைக்குக் காது முழுக்கக் கட்டளைகள். ஒவ்வோர் அசைவையும் வெளியிலிருந்து இயக்கப் பார்க்கும் பயிற்சியாளரை வீடியோ கேம் இயக்கும் கருவியின் பெயரால் 'ஜாய்ஸ்டிக்' பயிற்சியாளர் என்று கேலி செய்வதுண்டு. 1999இல் ஒஹையோ மாநிலத்தின் வடபகுதியில் சிறுமியர் லீக் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு 'மௌன நாள்' பல ஊர்களுக்குப் பரவியது. சில இடங்களில் பெற்றோரின் வாயைக் கட்ட லாலிபாப் கொடுக்கிறார்கள். அத்தகைய நாட்களில் களத்துக்குள்ளிருந்து புது ஒலி ஒன்று கேட்கும்: பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பந்து கேட்பது.

சீசன் தொடங்குமுன் பெற்றோரை ஒருமுறை கூட்டிப் பேசிவிடுவதே அனுபவசாலிகளின் வழக்கம். எல்லோருக்கும் சம நேரம், களத்துக்குள் குரல் கொடுப்பது பயிற்சியாளர் மட்டும், கைதட்டல் இரண்டு அணிகளுக்கும், வீட்டுக்குத் திரும்பும் காரில் ஆட்டத்தைப் பற்றிய அலசல் வேண்டாம். இந்தக் கடைசி வேண்டுகோளை மீறாதவர் அபூர்வம். நடுவரைத் திட்டக் கூடாது என்பதைத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிறுவர் ஆட்டங்களின் நடுவர் பலர் பதின்வயதுப் பிள்ளைகள். வார இறுதியில் கொஞ்சம் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வந்த 14 வயதுப் பெண்ணை 40 வயது மனிதர் ஓர் ஆஃப்சைடுக்காக அழ வைப்பது நடக்கிறது. நடுவர்கள் இந்த ஏச்சால் வேலையை விட்டுப் போவது பெரும் பிரச்சினையாகி, தண்டனைகளை யு.எஸ். சாக்கர் 2025இல் கடுமையாக்கியது. எல்லாப் பெற்றோரும் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆரஞ்சுச் சுளை கொண்டுவர முறை வைப்பது, மழை வந்தால் செய்தி அனுப்புவது, ஆட்டம் முடிந்ததும் இரு வரிசையாக நின்று கைகளைக் கோத்து வளைவு கட்டி அதற்குள் பிள்ளைகளை ஓட விடுவது எல்லாம் அவர்கள் வேலைதான். 6 வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஆட்டத்தைவிட அந்த வளைவுக்குள் ஓடுவதுதான் பிடிக்கும்.

பாதுகாப்பில் மட்டும் பயிற்சியாளருக்குச் சொந்த யோசனைக்கு இடமில்லை. விதி சொன்னதைச் செய்ய வேண்டும். தலையால் பந்தை முட்டுவது 10 வயது வரை பயிற்சியிலும் ஆட்டத்திலும் தடை. சிறுவர்களின் தலைக்காயத்தைக் கால்பந்து அமைப்புகள் கண்டுகொள்ளவில்லை என்று 2014இல் கலிபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, 2015 நவம்பரில் யு.எஸ். சாக்கர் இதை அறிவித்தது. தடையுள்ள பிரிவுகளில் வேண்டுமென்றே தலையால் முட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். 11 முதல் 13 வயது வரை ஆட்டத்தில் முட்டலாம். பயிற்சியில் வாரத்துக்கு அரை மணிக்கு மேல் கூடாது, ஒரு பிள்ளைக்கு 15 முதல் 20 தடவைக்கு மேலும் கூடாது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 2020இல் சிறுவர் பயிற்சிக்கு இதுபோன்ற கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன.

தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மீண்டும் ஆட விடக் கூடாது என்பது அமெரிக்காவில் இன்று சட்டம். 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன், தலையில் அடிபட்ட பிறகும் களத்துக்குத் திரும்பி, மூளைக் காயத்தால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டான். 2009இல் அவன் பெயராலேயே அம்மாநிலம் சட்டம் இயற்றியது. 2014க்குள் 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டன. சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார வைக்க வேண்டும். மருத்துவத் துறையினர் எழுதிக் கொடுத்த பின்தான் திரும்பலாம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று பிள்ளையே சொன்னாலும், பெற்றோரே கெஞ்சினாலும் விதி மாறாது. முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு இல்லாமல் யாரும் களமிறங்கக் கூடாது. இடி கேட்டால் ஆட்டம் நிற்கும்; கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஓசையில்லாமல் கழிய வேண்டும். அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு: தரையில் பிணைக்காத கோல் கம்பம். அதில் தொங்கி விளையாடியபோது அது சாய்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் கம்பத்தை ஒருமுறை அசைத்துப் பார்ப்பதும் பயிற்சியாளரின் வேலைப் பட்டியலில் இருக்கிறது.

10 வயதை நெருங்கும்போது அணி கலையத் தொடங்கும். கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கிளப்புகள் அழைக்கும். பெற்றோருக்கும் அவசரம் பிறக்கும். போக விரும்பும் பிள்ளையைத் தடுப்பது பயிற்சியாளரின் வேலையல்ல. ஆனால் இப்போதே போகாவிட்டால் எதிர்காலம் போயிற்று என்ற பயத்துக்கு அடிப்படை குறைவு. அமெரிக்கப் பெண்கள் அணியோடு உலகக் கோப்பையை இரண்டு முறை வென்ற அலெக்ஸ் மார்கன், கலிபோர்னியாவின் டயமண்ட் பார் ஊரில் ஏ.ஒய்.எஸ்.ஓ. அணியில் ஆடத் தொடங்கியவர். கிளப் கால்பந்துக்குப் போனபோது அவருக்கு 14 வயது. ஆட்டத்தில் தொடர்ந்து ஆர்வம் காட்டினாலும் கிளப்பில் சேர விரும்பாத பிள்ளைகளுக்கு ரெக் லீகுகள் மேல்நிலைப்பள்ளி வயது வரை இடம் வைத்திருக்கின்றன. உடல், மனக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு யு.எஸ். யூத் சாக்கரின் 'டாப் சாக்கர்' என்ற தனித் திட்டமும் உண்டு. அங்கே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பக்கத்தில் ஒரு துணைவர் கூடவே ஓடுவார்.

அணியில் யார் யார் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் வயதுக் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. பிறந்த ஆண்டை வைத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே பிரிவாகப் பதியும் முறையை யு.எஸ். சாக்கர் 2010களின் நடுவில் கொண்டுவந்தது. பன்னாட்டுப் போட்டிகளின் கணக்கோடு அது ஒத்துப்போனது. ஆனால் அமெரிக்கப் பள்ளி ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்குவதால், ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பிரிவாகப் பிரிந்துபோனார்கள். கிளப்புக்குப் போகும் பிள்ளைக்கு அது சமாளிக்கக் கூடியது. பக்கத்து இருக்கைத் தோழி ஆடுகிறாள் என்பதற்காகவே பெயர் கொடுக்கும் ரெக் பிள்ளைக்கு அப்படியல்ல. தோழி வேறு அணி என்றால் அவள் வரவே மாட்டாள். 2026–27 சீசனிலிருந்து பெரிய இளையோர் அமைப்புகள் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற பழைய கணக்குக்கே திரும்புகின்றன. அந்தச் சீசனுக்குப் பதிவு செய்யும் பயிற்சியாளர்கள் பலரின் பட்டியலில் புதிய பெயர்கள் இருக்கும். அந்தப் புதியவர்கள் பெரும்பாலும் பயிற்சியாளர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தோழர்களாகவும் இருப்பார்கள்.